சந்தாபுரா நாற்காலியும் நாற்பது லட்சமும்

பி.காம் கணக்குப் புத்தகங்களில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். ராம், ஷியாம். கூட்டாளிகள். லாபத்தை 3:2 என்று பிரித்துக்கொள்வார்கள், ஒருவர் விலகுவார், இன்னொருவர் சேருவார், நற்பெயர் மதிப்பு என்று ஒன்றைக் கண்டுபிடித்து நம் தூக்கத்தைக் கெடுப்பார்கள். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று மட்டும் புத்தகம் சொல்லாது. ஊர் மாறினால் கணக்கு மாறாது என்று ஒரு நம்பிக்கை.

மாறும் சார். நன்றாகவே மாறும்.

ராமையும் ஷியாமையும் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கணவன் மனைவியை உட்கார வைப்போம். வீட்டிலேயே பழைய நாற்காலி, கட்டில், பீரோ வாங்கி, சரிசெய்து, மெருகு போட்டு விற்கிறவர்கள். ஊர் உத்தனப்பள்ளி. தம்பதி கற்பனைதான், பெயர் வேண்டாம். ஆனால் அவர்களைச் சுற்றிப் போட்டிருக்கும் வேலி கற்பனை இல்லை, அச்சடித்த சட்டம்.

உத்தனப்பள்ளி தெரியாதவர்களுக்கு: ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தர்மபுரி போகும் சாலையில் இருக்கிறது. தக்காளியும் ராகியும் விளைகிற பக்கம். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசும் ஆட்கள் சாதாரணம். சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-ல் விவசாயிகள் உட்கார்ந்து போராடியபோது பேப்பரில் வந்தது. பக்கத்து நாகமங்கலத்தில் இருக்கும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் 2024 செப்டம்பரில் தீப்பிடித்தபோது மறுபடி வந்தது. மற்ற நாட்களில் யாரும் எழுதுவதில்லை.

ஆலை வந்தால் ஆள் வரும். ஆள் வந்தால் ரூம் எடுக்கும். ரூமுக்கு ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி வேண்டும். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒடிஷாவுக்கா போக முடியும்? விட்டுவிட்டுப் போவார்கள். இன்னொரு பக்கம் பெங்களூரு. அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி என்று வரிசையாக அபார்ட்மென்ட்கள். அங்கே வீடு மாறும்போதெல்லாம் ஃபர்னிச்சரும் மாறும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் வேறு இல்லை.

பழைய ஃபர்னிச்சர் வியாபாரம் என்றால் வாங்கி, துடைத்து, இரண்டு மடங்கு விலைக்குத் தள்ளுவது என்று பலருக்கு நினைப்பு. இந்த நினைப்பு இருப்பவர்கள் ஒரே ஒரு நாற்காலியைப் பிரித்துப் பூட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் வித்தை வாங்குவதில் இல்லை, வேண்டாம் என்று சொல்வதில் இருக்கிறது. பளபளவென்று மைக்கா ஒட்டிய அலமாரியைக் காட்டுவார்கள். கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் குடித்து உப்பியிருந்தால் அதற்கு வைத்தியமே கிடையாது. ஸ்க்ரூ ஒரு தடவை கழன்ற ஓட்டை மறுபடி பிடிக்காது. தேக்குக் கட்டில் என்றால் காலடியில் மாவு போலக் கொட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கொட்டியிருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. மூட்டுச் சந்துகளில் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அதை வீட்டுக்குள் ஏற்றினால் அடுத்த வாரம் தம்பதி வராந்தாவில்தான் படுக்க வேண்டும்.

தேக்கு நாற்காலி ஆடினால் பலர் ஒரு ஆணி அடிப்பார்கள். அதுதான் அந்த நாற்காலிக்குச் செய்யும் முதல் துரோகம். ஆணி மரத்தைப் பிளக்கும், ஆறு மாதத்தில் முன்பைவிட அதிகமாக ஆடும். ஆட்டத்துக்குக் காரணம் மூட்டில் இருந்த பசை காய்ந்து உதிர்ந்ததுதான். மூட்டைக் கழற்றி, பழைய பசையை உளியால் சுரண்டி, புதுப் பசை வைத்து, கயிறு போட்டு முறுக்கி ஒரு ராத்திரி முழுக்க விட வேண்டும். விரிசல் இருந்தால் அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைக்க வேண்டும், அப்போதுதான் நிறம் ஒத்துப்போகும். பிறகு உப்புத்தாள். முரடில் தொடங்கி நைசில் முடியும். 80, 120, 220 என்று நம்பர் ஏற ஏறத் தோள்பட்டை இறங்கும். எப்போதும் மர ரேகையின் ஓட்டத்திலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் மெருகு போட்ட பிறகு கீறல் எல்லாம் எழுந்து நிற்கும். கடைசியில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தடவுவது. மழைக்காலத்தில் அதுவும் காலை வாரும். காற்றில் ஈரம் இருந்தால் மெருகு பால் போல வெளுத்துப்போகும், மறுபடி முதலிலிருந்து.

இத்தனையும் இருவர் செய்கிற வேலை. அவர் மூட்டைக் கழற்றினால் அந்த அம்மா தேய்ப்பார். அவர் வண்டிக்கு அலைந்தால் அவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார், விலை பேசுவார், நோட்டில் எழுதுவார். கணக்குப் பிள்ளை, விற்பனைப் பிரதிநிதி, மெருகுக்காரர் எல்லாம் ஒரே ஆள். சம்பளம் எந்தத் தலைப்பிலும் வராது. (நம் செலவுக் கணக்கியல் பாடத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறது: உரிமையாளரின் சொந்த உழைப்பு ரொக்கச் செலவில் சேராது. எவ்வளவு வசதியான வரி!)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சந்தாபுராவில் ஒரு வீட்டைக் காலி செய்கிறவர்கள் ஒரு தேக்கு நாற்காலியை 400 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உத்தனப்பள்ளிக்கு வருகிறது. சரியாகிறது. இதை ஓசூரில் ஒருவருக்கு 1,600-க்கு விற்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. பொருள் மட்டும் விற்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். 2019 ஏப்ரல் 1 முதல் அப்படித்தான்.

அதே நாற்காலியை, போன் போட்டுக் கேட்கும் சந்தாபுராக்காரர் ஒருவருக்கு அனுப்பி, பில்லில் அவர் முகவரியை எழுதினால்? அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. மத்திய ஜிஎஸ்டி சட்டம் 24-ஆம் பிரிவு. மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்கிறவர் பதிவு செய்தே ஆக வேண்டும், விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும். நாற்பது லட்சம் இல்லை, நாலு லட்சம் இல்லை. முதல் ரூபாயிலிருந்து. பதிவு செய்யாமல் விட்டால் 122-ஆம் பிரிவில் அபராதம்: 10,000 ரூபாய், அல்லது ஏய்த்த வரி, எது அதிகமோ அது.

எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊருக்கே அந்த நாற்காலி திரும்பிப் போகக் கூடாதாம்.

நாகர்கோவிலில் இதே தொழில் செய்யும் ஒரு தம்பதி, ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னைக்கு லாரியில் ஏற்றி அனுப்பலாம். 39 லட்சம் வரைக்கும் அனுப்பலாம். யாரும் கேட்க மாட்டார்கள். உத்தனப்பள்ளித் தம்பதிக்குக் கர்நாடக எல்லை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். சின்ன யானையில் ஒரு மணி நேரம். அவர்களுக்கு வரம்பு பூஜ்யம். இந்த வித்தியாசத்துக்கு அவர்கள் செய்த குற்றம் என்ன? எல்லைப் பக்கத்தில் பிறந்தது.

உத்தனப்பள்ளி மட்டுமா? விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பத்திலிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு நடந்தே போகலாம். அங்கே ஒரு பழைய மேஜையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாலும் சட்டத்தின் பார்வையில் அது மாநிலம் கடந்த வணிகம். களியக்காவிளை, கூடலூர், வாளையாறு பக்கம், எங்கு போனாலும் இதே கதைதான். சந்தை கூப்பிடு தூரத்தில், அனுமதி எட்டாத தூரத்தில்.

2017 ஜூலை 1 நள்ளிரவில் மணி அடித்து இந்த வரியைத் தொடங்கியபோது சொன்ன கோஷம் ஒரே நாடு, ஒரே வரி, ஒரே சந்தை. அந்த மாதமே பல மாநிலங்களில் வணிகவரிச் சோதனைச் சாவடிகளை மூடினார்கள். லாரிக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், நியாயம்தான். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து பத்து நாற்காலி விற்கிறவருக்குச் சாவடி மூடப்படவில்லை. சாலையிலிருந்து எடுத்துச் சட்டப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டார்கள். சரியாகச் சொன்னால் வைக்கக்கூட இல்லை, பழையதையே விட்டுவிட்டார்கள். 1956-ஆம் ஆண்டு மத்திய விற்பனை வரிச் சட்டத்திலும் மாநிலம் தாண்டிய விற்பனைக்குக் குறைந்தபட்ச வரம்பு கிடையாது. அந்தப் பழைய நாற்காலியைத்தான் மெருகுகூடப் போடாமல் புது வீட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

"அட, பதிவு செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இலவசம்தானே? ஆன்லைன்தானே?" என்று கேட்கிற ஒரு கூட்டம் உண்டு. நம் வகுப்பிலேயே முதல் இரண்டு பெஞ்சில் உண்டு. பதிவு இலவசம்தான். யானையும் இலவசமாகக் கிடைக்கலாம், தீனி யார் போடுவது?

பதிவு செய்த அன்றிலிருந்து 40 லட்சம் வரம்பு அவர்களுக்கு இல்லை. சந்தாபுராவுக்குப் போகும் ஒரு நாற்காலிக்காக வாங்கிய எண், ஓசூரில் விற்கும் கட்டிலுக்கும், ராயக்கோட்டைக்குப் போகும் பீரோவுக்கும், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் ஸ்டூலுக்கும் வரி போடச் சொல்லும். ஒரு காலை எல்லைக்கு அந்தப் பக்கம் வைத்தால் உடம்பு முழுக்க உள்ளே இழுத்துவிடும்.

எவ்வளவு வரி? ஃபர்னிச்சருக்கு 2017 ஜூலையில் 28 சதவீதம் போட்டார்கள், நாடே கத்தியதும் நவம்பரில் 18 ஆக்கினார்கள். மர நாற்காலிக்கு இப்போதும் 18. பழைய பொருள் வாங்கி விற்பவர்களுக்கு ஒரு சலுகை விதி இருக்கிறது: 32(5). விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம், அதற்குத்தானே படிக்கிறோம்.

வாங்கியது 400. வண்டி வாடகையில் இதன் பங்கு 150. பசை, உப்புத்தாள், அரக்கு, ஸ்பிரிட் 200. விற்றது 1,600. மிச்சம் 850. இது லாபம் இல்லை, இரண்டு பேரின் ஒன்றரை நாள் கூலி. வரித்துறைக் கணக்கில் வித்தியாசம் என்பது 1,600 கழித்தல் 400, அதாவது 1,200. வண்டி வாடகையும் உப்புத்தாளும் அந்த வித்தியாசத்தில் கழியாது. 18 சதவீதம் போட்டால் 216 ரூபாய். அதை வாங்குகிறவரிடம் தனியாகக் கேட்டால் "1,600-ன்னுதானே அக்கா சொன்னீங்க?" என்பார். சரி, 1,600-க்குள்ளேயே அடக்கினால் 183 ரூபாய். பசை வாங்கிய பில்லில் இருக்கும் வரியைக் கழித்துக்கொண்டாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. 850-ல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. அந்த நாற்காலிக்குப் புதிதாக இருந்தபோதே யாரோ ஒருவர் அந்தக் காலத்து விற்பனை வரியைக் கட்டிவிட்டுத்தான் வாங்கியிருப்பார். இப்போது வரி விழுவது நாற்காலி மேல் இல்லை, தேய்த்த கை மேல்.

இதிலும் ஒரு கொக்கி. பொருளின் தன்மை மாறாத சிறு வேலைகள் மட்டும் செய்திருந்தால்தான் 32(5) செல்லும். மெருகு போடுவது சிறு வேலை. உடைந்த கட்டிலின் தலைப்பலகையை எடுத்து ஒரு திண்ணை பெஞ்ச் செய்தால்? தன்மை மாறிவிட்டதே. முழு விலைக்கும் 18 சதவீதம் கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆக, எவ்வளவுக்கு எவ்வளவு கைத்திறன் காட்டுகிறார்களோ அவ்வளவுக்கு அவ்வளவு ஆபத்து.

சிறு வியாபாரிகளுக்கு என்றே காம்போசிஷன் திட்டம் இருக்கிறதே, விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டினால் போதுமே என்று கேட்கலாம். 1.5 கோடி வரை விற்கிறவர்கூடச் சேரலாம். ஆனால் மாநிலம் தாண்டி விற்கிறவர் சேர முடியாது. சட்டத்தின் 10-ஆம் பிரிவு. ஒன்றரைக் கோடிக்காரருக்குத் திறந்த கதவு ஒன்றரை லட்சத்துக்கு விற்கும் எல்லைக்காரருக்கு மூடியிருக்கிறது. ஆன்லைன் தளங்களில் பதிவு இல்லாதவர்களும் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் அனுமதித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வரியைப் படித்தால் மாநிலத்துக்குள் மட்டும்.

அதோடு முடியவில்லை. வீட்டிலிருந்து தொழில் செய்கிறார்கள், வாடகை வீடு. பதிவுக்கு வீட்டு ஓனரின் சம்மதக் கடிதமும் மின் கட்டண ரசீதும் வேண்டும். ஜிஎஸ்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லாமல் இருந்தால் பெரிது. 2022 ஜூலை 18 முதல், பதிவு செய்த ஒருவர் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால் அந்த வாடகைக்கு 18 சதவீதத்தை அவரே கட்ட வேண்டும் என்று ஒன்று வந்தது. சொந்தக் குடியிருப்புக்காக எடுத்தால் கிடையாது என்று 2023 ஜனவரி முதல் தளர்த்தினார்கள். முன் அறையில் நாற்காலியும் பின் அறையில் பாயும் இருக்கிற வீடு எந்தக் கணக்கில் வரும்? ஆடிட்டர் ஃபீஸ் வாங்காமல் இதற்குப் பதில் சொல்ல மாட்டார். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். நாற்காலியே விற்காத நாளில் 20 ரூபாய்!

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி, பொருள் எங்கே பயன்படுகிறதோ அந்த மாநிலத்துக்குச் சேர வேண்டிய வரி. தமிழ்நாட்டு வியாபாரி கர்நாடகாவில் விற்றால் கர்நாடகாவின் பங்கு போய்ச் சேர வேண்டும். பதிவு இல்லாதவர் விற்றால் கணக்கே தெரியாது, எல்லைப் பக்கம் முழுக்கப் போலி வியாபாரிகள் முளைப்பார்கள் என்ற பயம். பயம் நியாயமானதுதான்.

ஆனால் இந்த நியாயத்தை அரசே மூன்று இடத்தில் மூட்டை கட்டி வைத்திருக்கிறது.

ஒன்று, சேவைகள். 2017 அக்டோபரிலேயே அறிவிக்கை போட்டு, 20 லட்சம் வரை மாநிலம் தாண்டிச் சேவை வழங்குகிறவர்களுக்குப் பதிவு வேண்டாம் என்றுவிட்டார்கள். மென்பொருள் எழுதுகிறவர், லோகோ வரைகிறவர் எல்லோரும் தப்பித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்ததில் பொறாமை இல்லை. இரண்டு, ஜாப் வொர்க். அதற்கும் அதே காலத்தில் விலக்கு. மூன்று, கைவினைப் பொருட்கள். பட்டியல் போட்டு, 20 லட்சம் வரை விலக்கு. அந்தப் பட்டியலில் மூங்கில், பிரம்பு ஃபர்னிச்சர்கூட இருக்கிறது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். சந்தாபுராக்காரர் தன் சொந்த நாற்காலியை உத்தனப்பள்ளிக்கு அனுப்பி, மெருகு போட்டு வாங்கிக்கொண்டால் அது சேவை. பதிவு வேண்டாம். அதே நாற்காலியை இவர்கள் காசு கொடுத்து வாங்கி, அதே மெருகைப் போட்டு, அதே வீட்டுக்கு விற்றால் அது பொருள். பதிவு வேண்டும். புதுப் பிரம்பு நாற்காலி பின்னி அனுப்புகிறவர் கைவினைஞர். அறுந்துபோன தேக்கு நாற்காலிக்குப் புதிதாகப் பிரம்பு பின்னி அனுப்புகிறவர் வியாபாரி. விரல் அதே விரல், பிரம்பு அதே பிரம்பு.

சேவையும் செய்து பொருளும் விற்றால் இன்னொரு தண்டனை. 40 லட்சம் வரம்பு பொருள் மட்டும் விற்கிறவர்களுக்கு. பக்கத்துத் தெரு ஆச்சியின் ஊஞ்சலுக்குக் கூலிக்கு மெருகு போட்டுக் கொடுத்தால் வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும்.

பழைய கார்களுக்கு வரியை 18 சதவீதம் ஆக்குவது என்று 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய கவுன்சில் முடிவெடுத்தபோது டிவியில் எத்தனை விவாதம், எத்தனை மீம்ஸ்! பழைய கட்டிலுக்காக ஒரு மீம் வந்ததா? கார் வைத்திருக்கிறவர்களுக்கு ட்விட்டர் இருக்கிறது. கட்டில் விற்கிறவர்களுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் இருக்கிறது, அதுவும் 24 மணி நேரத்தில் போய்விடும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மூன்று வழி இருக்கிறது, மூன்றுமே கேவலம். ஓசூரில் ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் ஒரு கடைக்காரரிடம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுவது. அவர் அதைப் பெங்களூருக்கு விற்று வித்தியாசத்தைச் சாப்பிடுவார். அல்லது, போன் வந்தால் "கர்நாடகாவா சார்? நீங்களே வண்டி எடுத்துட்டு வந்து ஏத்திக்கோங்க" என்பது. இது ஏன் என்றால், பதிவு இல்லாத ஒருவருக்கு விற்கும்போது பில்லில் அவர் முகவரி எழுதியிருந்தால் அந்த மாநிலத்தில் நடந்த விற்பனை, எழுதவில்லை என்றால் விற்பவரின் ஊரிலேயே நடந்த விற்பனை என்று 2023 அக்டோபர் முதல் சட்டத்தில் ஒரு உட்பிரிவு இருக்கிறது. அதாவது முகவரியை எழுதுகிற நேர்மையான ஆளுக்குத் தண்டனை, எழுதாமல் விட்டவருக்கு விடுதலை. கணக்கை ஒழுங்காக எழுது என்று மூன்று வருடம் நமக்குச் சொல்லித்தரும் படிப்பு, இந்தத் தம்பதிக்கு எழுதாதே என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வழி, ஒன்றும் தெரியாமல் விற்பது. பெரும்பாலும் இதுதான். யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். அந்தத் தைரியம் எவ்வளவு நாளைக்கு? 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. டீக்கடை, பேக்கரி, பூக்கடை எல்லாம். பெங்களூரில் ஸ்கேன் பண்ணும் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தார்கள். போராட்ட அறிவிப்பு வரைக்கும் போய், பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கி கேட்க மாட்டோம் என்று அரசு இறங்கி வந்தது. அங்கே சண்டை, வரம்பைத் தாண்டினார்களா இல்லையா என்பதில். கன்னட டீக்கடைக்காரருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வரம்பாவது இருந்தது. சந்தாபுரா நம்பரிலிருந்து ஜிபேயில் 1,600 ரூபாய் வாங்கிய உத்தனப்பள்ளிக்காரருக்கு அதுவும் இல்லை. அவரிடம் இருப்பது அந்த அம்மாவின் நோட்டு ஒன்றுதான். அதில் நேர்மையாக எழுதியிருந்தால் அதுவே சாட்சி.

இதை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை? அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமா? நாடாளுமன்றம் கூட வேண்டுமா? ஒன்றும் வேண்டாம். அதே சட்டத்தின் 23(2) பிரிவில், கவுன்சில் பரிந்துரைத்தால் எந்த வகையினருக்கும் பதிவிலிருந்து விலக்கு தரலாம் என்று இருக்கிறது. 24-ஆம் பிரிவு என்ன சொன்னாலும் தரலாம். சேவைக்காரர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் ஒரு அறிவிக்கையில்தான் தந்தார்கள். இரண்டு பக்கத் தாள். பழைய பொருளைச் சரிசெய்து விற்கிறவர்களுக்கும், 20 லட்சம் வரை, பான் எண் இருந்தால் போதும் என்று இன்னொரு இரண்டு பக்கம் போடலாம். போலி வியாபாரி பயமா? அந்தப் பான் எண்ணை வைத்தே மொத்த விற்பனையைப் பார்க்கலாம். பழைய நாற்காலிக்கு வரி வரவு எடுத்து ஏமாற்றவும் முடியாது, பதிவு இல்லாதவர் பில்லில் எடுப்பதற்கு வரவே கிடையாது.

கர்நாடகா ஒப்புக்கொள்ளுமா என்பது ஒரு கேள்வி. கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்களுக்கு எல்லாம் சேர்த்து மூன்றில் இரண்டு, எதுவும் நிறைவேற முக்கால் பங்கு வேண்டும். ஆனால் எல்லை இரண்டு பக்கமும்தானே இருக்கிறது? அத்திப்பள்ளியில் பழைய சோபாவுக்குத் துணி மாற்றி விற்கிற கன்னடக் குடும்பத்துக்கு ஓசூர்தான் பக்கத்துச் சந்தை. அவர்களுக்கும் இதே 24-ஆம் பிரிவுதான், இதே பூஜ்யம்தான். பெங்களூருக்கும் இந்த நாற்காலி தேவை, ஓசூருக்கும் அந்த சோபா தேவை. தமிழ்நாட்டு நிதியமைச்சரும் கர்நாடகப் பிரதிநிதியும் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறதென்றால் இதுதான், காவிரி மாதிரி சண்டை போடத் தேவையே இல்லாத விஷயம். யார் முதலில் எழுதிக் கேட்கப்போகிறார்கள்? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வியாபாரிகள் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் உறுப்பினராகக் கடை வேண்டும், இந்தத் தம்பதிக்கு இருப்பதோ முன் அறை. வணிகவியல் துறை இல்லாத கல்லூரி இந்தப் பக்கம் இல்லை. ஒரு வகுப்பு மொத்தமாக உட்கார்ந்து கவுன்சில் செயலகத்துக்கு ஒரு மனு எழுதினால் ஒரு மதியம் ஆகும். அசைன்மென்டுக்கு ராம், ஷியாம் கணக்கை அறுபது பேர் ஒரே நோட்டிலிருந்து பார்த்து எழுதுகிற மதியம்தான் அது.